ஒன்பது மணிக்கு மேல்

நாவலந்துறையில் அந்தத் தட்டியை வைத்த நாளில், அதில் எழுதியிருந்தது ராமாமணிக்குச் சரியென்றுதான் பட்டது. கம்பெனி வேனைப் பிடிக்க மெயின் ரோட்டுப் பிரிவுக்கு நடந்து போகும் வழியில், உரக்கடைக்கு எதிரே உச்சிவெயிலில் நின்று முழுவதையும் படித்தாள். பதினெட்டு வயது நிரம்பாத யாரும் இரவு ஒன்பது மணிக்கு மேல் பெரியவர் துணையில்லாமல் படித்துறையிலோ, ஆற்றை ஒட்டிய நான்கு தெருக்களிலோ, வாய்க்கால் பாலத்துப் பக்கமோ நடமாடக் கூடாது. மீறி வந்தால் பெற்றோர் வந்துதான் அழைத்துப் போக வேண்டும். இப்படிக்கு, ஆற்றங்கரைத் தெருக்கள் பாதுகாப்புக் குழு.

நாவலந்துறை, கொடுமுடியைத் தாண்டிக் காவிரிக் கரையில் இருக்கிற சின்ன ஊர். அந்த வருடம் ஆடியில் ஆறு இரு கரையும் தொட்டு ஓடியபோது, பத்தாவது படித்த கிருபாசங்கர் என்ற பையன் ராத்திரியில் கூட்டாளிகளோடு படித்துறைக்குப் போனான். செல்போனில் படம் எடுக்கிறேன் என்று கடைசிப் படிவரை இறங்கியவன் திரும்ப ஏறவில்லை. மூன்றாம் நாள்தான் கிடைத்தான். அதன் பிறகு பிள்ளைகள் பொழுது சாய்ந்து வெளியே போனால் ஊரில் எந்தத் தாய்க்கும் இருப்புக்கொள்வதில்லை. ஆகவே தட்டியைக் குறை சொல்ல ஆளில்லை.

வேனில் ஏறி உட்கார்ந்து ஒரு மைல் போன பிறகுதான் ராமாமணிக்குச் சுருக்கென்றது. அவள் மகள் சித்திகாவுக்குப் பதினாறு வயது. தினமும் ராத்திரி ஒன்பதே முக்காலுக்குத் தனியாகக் கிளம்பி வாய்க்கால் பாலத்தைத் தாண்டி மெயின் ரோட்டுக்கு வருகிறவள் அவள். அம்மாவைக் கூட்டிப் போகத்தான் வருகிறாள்.

பதினாறு வயதுப் பெண் நாற்பத்து மூன்று வயது அம்மாவைக் கூட்டிப் போவதற்கு ஒரு காரணம் இருந்தது. அது அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். ராமாமணிக்கு இருட்டில் கண் தெரியாது. நாலு வருடம் முன்பு கோயம்புத்தூரில் ஒரு கண் டாக்டர் விழித்திரையில் கோளாறு என்றார். பிறவியிலேயே இருப்பது, மெதுவாகத்தான் கூடும், முதலில் போவது இரவுப் பார்வைதான், வெளிச்சத்தில் இன்னும் வெகுகாலத்துக்குக் குறையிருக்காது என்று சொல்லி அனுப்பினார். அவர் சொன்னபடியே நடந்தது. பெருந்துறையில் பனியன் கம்பெனியின் செக்கிங் மேஜையில், வரிசையாக எரிகிற டியூப் லைட்டுகளுக்குக் கீழே, ஒரு நூல் பிசகியிருந்தாலும் ராமாமணி கண்டுபிடித்துவிடுவாள். ஆனால் வேனை விட்டு இறங்கியதும் உலகத்தின்மேல் யாரோ கறுப்புக் கம்பளியைப் போர்த்தியதுபோல் ஆகிவிடும்.

கம்பெனியில் சொல்ல அவளுக்குத் துணிவில்லை. துணியில் குறை பார்க்கிற வேலையில் கண்ணில் குறை என்று எவள் போய்ச் சொல்வாள்? புருஷன் பாலுசாமியிடமும் முழுதாகச் சொல்லவில்லை. அவன் போர்வெல் லாரியில் ஆபரேட்டர். வருடத்தில் எட்டு மாதம் சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம் என்று எங்கோ பாறையைத் துளைத்துக்கொண்டிருப்பான். ராத்திரியில் கொஞ்சம் மங்கலாக இருக்கிறது என்று மட்டும் அவனிடம் சொல்லியிருந்தாள். அவன் கேரட் தின்னச் சொன்னான்.

அன்று ராத்திரி பிரிவில் இறங்கியதும் வழக்கம்போல் சித்திகாவின் கை வந்து அவள் முழங்கையைப் பிடித்தது. கொஞ்ச தூரம் போனதும் ராமாமணி தட்டியைப் பற்றிச் சொன்னாள்.

"நாளையில இருந்து நீ வர வேண்டாங் கண்ணு. போன் டார்ச்சைப் போட்டுக்கிட்டு நானே வந்துர்றேன்."

"டார்ச்சு வெளிச்சத்துல உங்களுக்கு என்னங்கம்மா தெரியும்?"

"காலடி தெரியும்."

"பாலத்தோட ஓரம் தெரியுமுங்களா?"

வாய்க்கால் பாலம் குறுகலானது. ஒரு பக்கத்துக் கைப்பிடிச் சுவர் எப்போதோ விழுந்துபோயிருந்தது.

"நான் இட்டேரி வழியா வந்துர்றனுங்கம்மா. கமிட்டிக்காரங்க அந்தப் பக்கம் நிக்கறதில்ல" என்றாள் சித்திகா.

இட்டேரி என்றால் தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருபக்கமும் முள்வேலி அடைத்துப் போகிற மண்தடம். பகலிலேயே அங்கே பாம்பு குறுக்கே போகும். வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் சொல்லிவிட்டு அடுத்த நாள் ராத்திரி எப்படி வீடு சேர்வது என்று ராமாமணிக்குத் தெரியவில்லை. அதனால் சொல்லாமல் விட்டுவிட்டாள். பின்னால் நெடுநாள் அவள் மனதை அரித்தது அந்த ஒரு மௌனம்தான்.

ஒன்பது நாள் அப்படியே ஓடியது. பத்தாம் நாள் வேன் பத்து மணிக்குப் பிரிவில் நின்றபோது, இறங்கிய ராமாமணியின் முழங்கையை யாரும் பிடிக்கவில்லை.

"பாப்பாவைக் காணமுங்களே அக்கா. நான் வேணா நிக்கட்டுங்களா?" என்று டிரைவர் கேட்டார்.

"வந்துட்டே இருப்பாளுங்க. நீங்க போங்க, இன்னும் ரெண்டு பேரை உடோணுமில்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். காரணம் சொல்ல வேண்டிவருமே என்ற பயம்தான்.

வேன் போனதும் பிரிவில் எரிகிற ஒற்றை விளக்குக்குக் கீழே நின்று போன் செய்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி செய்தாள். எதிரே டீக்கடை ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டது. கடைக்காரரைக் கூப்பிட வாயெடுத்தாள். அதற்குள் அவருடைய வண்டி கிளம்பிப் போய்விட்டது. கால் மணி நேரம் ஆனது. அரை மணி ஆனது. முதலில் தான் எப்படிப் போவது என்று இருந்த கவலை, மெல்ல மெல்ல மகளுக்கு என்ன ஆயிற்று என்பதாக மாறியது. இட்டேரி, பாம்பு, குடிகாரன், ஆறு. அதற்கு மேல் நிற்க அவளால் முடியவில்லை. டார்ச்சைப் போட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கினாள்.

டார்ச் வெளிச்சம் அவள் கண்ணுக்கு ஒரு தோசைக்கல் அகலத்துக்குத்தான் தெரிந்தது. அதற்கு வெளியே ஒன்றுமில்லை. இடது கையால் அரிசி ஆலைக் காம்பவுண்டுச் சுவரைத் தடவிக்கொண்டே போனாள். சுவர் முடிந்த இடத்தில் ஒரு சாக்கடை உண்டு. அதில் ஒரு கால் இறங்கி, செருப்பு ஒன்று போனது. அதைத் தேடவில்லை. நாய் ஒன்று குரைத்துக்கொண்டே கூட வந்தது. அதன் குரல் எந்தப் பக்கம் என்று பார்த்து மறுபக்கம் ஒதுங்கினாள். பிறகு காற்று குளிர்ந்தது. கீழே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. பாலம் வந்துவிட்டது.

ராமாமணி அங்கே நின்றாள். சுவர் எந்தப் பக்கம் இருக்கிறது, எந்தப் பக்கம் இல்லை என்பது பகலில் அவளுக்கு நன்றாகத் தெரியும். இருட்டில் நின்றபோது இடமும் வலமும் குழம்பியது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்டி போட்டாள். இரண்டு கையையும் தரையில் ஊன்றி, குழந்தை தவழ்வதைப்போல் நகர்ந்தாள். ஜல்லி உள்ளங்கையில் குத்தியது. அவள் வாய் மகளின் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தது.

பாதிப் பாலம் கடந்திருப்பாள். எதிரே ஒரு வெளிச்சம் வந்து முகத்தில் அடித்தது. எல்லாம் வெள்ளையாகிப் போனது. தவழ்ந்த இடத்திலேயே அசையாமல் இருந்தாள்.

"அம்மா" என்று குரல் கேட்டது. ஓடி வருகிற காலடியும் கேட்டது. சித்திகா வந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

"உனக்கு ஒண்ணுமில்லையே கண்ணு?"

"எனக்கு ஒண்ணுமில்லீங்கம்மா."

"கூட யாரு?"

"நாந்தானுங்க அம்மணி. உரக்கடை நஞ்சப்பன்" என்றது ஓர் ஆண்குரல். வண்டி விளக்கு அணைந்தது. "உளுந்துட்டீங்களா?"

"இல்லீங்க. தவந்துதான் வந்தேன்."

நஞ்சப்பன் அறுபதை நெருங்குகிறவர். பாதுகாப்புக் குழுவை அமைத்ததே அவர்தான். அந்தக் குரல் இருந்த திசைக்கு ராமாமணி முகத்தைத் திருப்பினாள். ஆனால் அதற்குள் அவர் இரண்டு அடி தள்ளி வந்திருந்தார். அவள் வெறும் இருட்டைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பதை அவர் கண்டுகொண்டார்.

"அம்மணி, உங்களுக்குக் கண்ணு..." என்று இழுத்தார்.

இனி மறைக்க ஒன்றுமில்லை. "பகல்ல நல்லாத் தெரியுமுங்க. ராத்திரியிலதான் ஒண்ணுமே தெரியறதில்ல. இந்தப் புள்ளதான் தெனமும் கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறா. இவளைத் தப்பா நெனச்சுப்போடாதீங்க" என்றாள் ராமாமணி.

வீட்டாரைத் தவிர ஒருவரிடம் அவள் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

நஞ்சப்பன் வண்டியைப் பாலத்துப் பக்கத்திலேயே நிறுத்திவிட்டு அவர்களோடு வீடுவரை நடந்து வந்தார். வீட்டுக்குள் விளக்கைப் போட்டதும்தான் ராமாமணி மகளின் முகத்தைப் பார்த்தாள். அழுது வீங்கியிருந்தது.

நடந்தது இதுதான். இட்டேரி முடியும் இடத்தில் நஞ்சப்பனோடு சேர்த்துக் குழுவினர் மூன்று பேர் அன்று நின்றிருந்தார்கள். எங்கே போகிறாய் என்று கேட்டார்கள். அம்மாவைக் கூட்டிவர என்றாள். செல்போன் கடை வைத்திருக்கிற சாய்கிருஷ்ணா சிரித்துவிட்டான். அம்மா மகளைக் கூட்டிவருவது உண்டு, மகள் அம்மாவைக் கூட்டிவருவது எந்த ஊரில் என்று கேட்டான். முள்வேலித் தடத்தில் யாரைப் பார்க்கப் போனாய், பையன் பேர் என்ன என்றும் கேட்டான். பால் சொசைட்டிப் பெஞ்சில் அவளை உட்கார வைத்து, உன் அம்மா வந்து கூட்டிப் போகட்டும் என்றார்கள். போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. வீட்டில் வேறு யாருமில்லை. அம்மாவுக்குக் கண் தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள். சித்திகா அதை மட்டும் சொல்லவில்லை. அம்மாவைக் கூட்டிவர என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். கடைசியில் எழுந்து நின்று நஞ்சப்பனிடம், "நம்பலீன்னா நீங்களே எங்கூட வாங்க. பொய்யா இருந்தா நாளைக்கு ஊருக்கே சொல்லுங்க" என்றாள். அவர் வண்டியை எடுத்தார்.

இதை மகள் சொல்லவில்லை. நஞ்சப்பன்தான் பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து சொன்னார். ராமாமணி கொடுத்த தண்ணீரை வாங்கி முழுவதும் குடித்தார்.

"அந்தப் பையன் கிருபாசங்கர் போன அன்னைக்கு நான் கடையைப் பூட்டிட்டு இருந்தனுங்க. நாலு பசங்க ஆத்துப் பக்கம் போனாங்க. இந்நேரத்துல எங்கடா போறீங்கன்னு கேக்கலாமான்னு ஒரு நிமிசம் நெனச்சேன். ஊரான் புள்ளைங்க, நமக்கெதுக்குன்னு உட்டுட்டேன். அந்தத் தட்டியை வெச்சது அதுக்காகத்தான். அன்னைக்குக் கேக்காம உட்டுட்டேன். இன்னைக்கு இந்தப் புள்ளைகிட்டக் கேட்டேன், அது சொன்னதைக் காதுல வாங்காம உட்டுட்டேன். ரெண்டும் ஒண்ணுதானுங்க."

பிறகு சித்திகாவைப் பார்த்து, "மனசுல வெச்சுக்காத சாமி" என்றார். சித்திகா தலையை ஆட்டினாள். ஆனால் அவள் முகம் இறுக்கமாகவே இருந்தது.

போகும்போது அவர் ஒரு வழி சொன்னார். குழுவின் பேரில் ஒரு சீட்டு எழுதித் தருகிறேன், காரணம் எதுவும் எழுதவில்லை, அதைக் காட்டினால் யாரும் நிறுத்த மாட்டார்கள் என்றார்.

ராமாமணி அன்று வெகுநேரம் தூங்கவில்லை. பக்கத்தில் மகளின் மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. பிளஸ் ஒன் படிக்கிற பெண். மற்றப் பிள்ளைகள் படித்துவிட்டுத் தூங்கப் போகும் நேரத்தில் எழுந்து, கதவைப் பூட்டி, இருட்டில் நடந்து வந்து, தாயின் கையைப் பிடித்து, பள்ளம் மேடு சொல்லி, வீட்டில் கொண்டுவந்து சேர்த்துவிட்டுப் பிறகு மறுபடி புத்தகத்தைத் திறப்பாள். இரண்டு வருடம். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. இன்றைக்கு நாலு பேர் முன்னால் கெட்ட பேர் வாங்கினாலும் வாங்குவேனே தவிர அம்மாவைக் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறாள். இவளுக்கு நான் என்ன செய்தேன்?

சீட்டு வாங்கலாம். ஆனால் காரணமில்லாத சீட்டுக்கு ஊர் தானே ஒரு காரணம் கட்டிக்கொள்ளும். அது மகள் தலையில்தான் விடியும். விடிவதற்குள் ராமாமணி முடிவுக்கு வந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சமுதாயக்கூடத்தில் குழுக் கூட்டம். முப்பது பேர் இருப்பார்கள். சித்திகா வர மாட்டேன் என்றாள். ராமாமணி வற்புறுத்தவில்லை. தனியாகப் போய்ப் பெண்கள் வரிசையில் உட்கார்ந்து, எல்லாரும் பேசி முடித்த பிறகு எழுந்து நின்றாள். பக்கத்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு ராத்திரியில கண்ணு தெரியாதுங்க" என்று தொடங்கினாள். டாக்டர் சொன்னது, வேன் வருகிற நேரம், மகள் வருகிற வழி, நஞ்சப்பன் தருவதாகச் சொன்ன சீட்டு எல்லாவற்றையும் சொன்னாள். "என் புள்ள எந்தப் பையனையும் பாக்கப் போகலீங்க. என்னையப் பாக்கத்தான் வந்தா. உங்க சட்டம் தப்புன்னு நான் சொல்ல வரலீங்க. அது இருக்கோணும். நாளைக்கு என் புள்ளைக்கு ஒண்ணுன்னாலும் கேக்கறதுக்கு நீங்க நாலு பேர் நிக்கறீங்கங்கறதே எனக்குத் தைரியந்தானுங்க. நிறுத்துங்க, கேளுங்க. என்ன சொல்றாங்கன்னு நின்னு கேட்டீங்கன்னா போதுமுங்க."

உட்கார்ந்துவிட்டாள். சாய்கிருஷ்ணா தலையைக் குனிந்து கையில் இருந்த போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முதலில் வாயைத் திறந்தவள் பாப்பாயி. பஸ் நிறுத்தத்தில் இட்லிக்கடை போடுகிறவள். வாய்க்குப் பயந்து ஊரே ஒதுங்கிப் போகும்.

"சீட்டும் வேண்டாம், கீட்டும் வேண்டாம். பெரியவங்க தொணை வேணும்னுதான எழுதி வெச்சிருக்கீங்க. அப்ப தொணைக்குப் போங்க. நீங்க அத்தனை ஆம்பளைங்க ராத்திரியெல்லாம் சுத்தறீங்க. அந்தப் புள்ளைகூட ஒட்டுக்கா ஒரு எட்டு பிரிவுக்குப் போய்ட்டு வந்தா காலு தேஞ்சா போகும்?"

அப்படித்தான் ஆயிற்று. தட்டியில் ஒரு வரி சேர்த்து எழுதினார்கள். ஒன்பது மணிக்கு மேல் தனியாக வரும் பிள்ளைகளிடம் காரணம் கேட்டு, போக வேண்டிய இடத்துக்குக் குழுவினர் கூடவே சென்று, வீட்டில் கொண்டுவந்து விடுவார்கள். யார் எந்தக் கிழமை என்று ஒரு முறையும் வைத்துக்கொண்டார்கள். அடுத்த வாரமே நாலைந்து பேர் சேர்ந்து பாலத்தின் திறந்த பக்கத்தில் இரும்புக் குழாய் நட்டார்கள். முழங்கால் உயரத்துக்கு ஒன்று, இடுப்பு உயரத்துக்கு ஒன்று. ராமாமணி முதல் நாள் அதைத் தொட்டபோது பெயிண்ட் காயாமல் கையில் ஒட்டியது. வெகுநேரம் கையைக் கழுவவில்லை.

சித்திகாவுக்குத்தான் இது பிடிக்க நாளாயிற்று. "இத்தனை நாள் நாமளே பாத்துக்கலீங்களா? இப்ப ஊரே வந்து பாக்குது" என்றாள். ராமாமணி அவளுக்குப் புத்தி சொல்லவில்லை. கோபப்பட அவளுக்கு நியாயம் இருந்தது.

நஞ்சப்பன் வருகிற கிழமைகளில் ஓயாமல் பேசிக்கொண்டே வருவார். பாப்பாயி நாய்களை அவற்றின் வம்சத்தோடு திட்டிக்கொண்டு வருவாள். சாய்கிருஷ்ணா பேசவே மாட்டான். ஏழெட்டுக் கிழமை அப்படி வந்தவன், ஒரு நாள் வீட்டுவாசலில் நின்று சித்திகாவிடம், "அன்னைக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதும்மா. எனக்கும் தங்கச்சி இருக்குது" என்றான். சித்திகா, "சரிங்கண்ணா" என்று சொல்லி உள்ளே போனாள். அதற்கடுத்த கிழமை இருவரும் ஏதோ போன் ஆப் பற்றிப் பேசிக்கொண்டு முன்னால் போக, ராமாமணி அவர்கள் பேச்சுச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே பின்னால் நடந்தாள்.

ஊருக்குச் சொன்ன பிறகு கம்பெனியில் மறைப்பதில் பொருளில்லை. யாராவது போய்ச் சொல்வதற்கு முன் தானே சொல்லிவிடுவது என்று சூப்பர்வைசர் லோகப்பிரியாவிடம் போனாள். அவளுக்கு முப்பது வயதுகூட இருக்காது. கேட்டுவிட்டு, ராமாமணி பார்த்த பீஸ்களில் எத்தனை திரும்பி வந்திருக்கிறது என்று கம்ப்யூட்டரில் தேடினாள். செக்கிங்கில் அவளுடையதுதான் குறைவு.

"காலை ஷிப்டுக்கு மாத்தினாலும் விடியறதுக்கு முன்னாடி வேன் ஏறோணுமேங்க்கா. அதுவும் இருட்டுதான்" என்று யோசித்தாள். "ஜெனரல் ஷிப்டுல எடம் இல்ல. தை மாசம் ஒருத்தங்க வேலையை உட்டு நிக்கறாங்க. அதுவரைக்கும் சமாளிச்சுக்குவீங்களா?"

"சமாளிச்சுக்குவேனுங்க" என்றாள் ராமாமணி. வேலை போய்விடும் என்று நாலு வருடம் வயிற்றில் கட்டிச் சுமந்த பயம், ஐந்து நிமிடப் பேச்சில் இறங்கிவிட்டது. கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதுவிட்டு வந்துதான் மறுபடி மேஜையில் உட்கார்ந்தாள்.

கார்த்திகையில் ஒரு நாள், வேனை விட்டு இறங்கியபோது கையைப் பிடித்தது தெரியாத ஒரு கை. சொரசொரப்பாக, சூடாக இருந்தது.

"நான் சென்னியம்மாளுங்க. கிருபாவோட அம்மா" என்றாள் அந்தப் பெண். "நஞ்சப்பண்ணங்கிட்ட, எனக்கும் ஒரு கிழமை குடுங்கன்னு கேட்டனுங்க."

மகன் போன பிறகு சென்னியம்மாள் வீட்டை விட்டே வெளியே வருவதில்லை என்று ராமாமணி கேள்விப்பட்டிருந்தாள். சித்திகா மறுபக்கம் வந்து அம்மாவின் மற்றக் கையைப் பிடித்துக்கொண்டாள். மூவரும் நடந்தார்கள். பாலத்துக்கு வந்ததும் சென்னியம்மாள் நின்றாள். வாய்க்காலைத் தாண்டித் தூரத்தில் ஆற்றின் இரைச்சல் கேட்டது.

"பயமா இருக்குதுங்களா? திரும்பிப் போயிர்லாமுங்க" என்று ராமாமணி மெதுவாகக் கேட்டாள்.

"இல்லீங்க. சித்தெ நின்னுட்டுப் போலாம்" என்றாள் சென்னியம்மாள்.

நின்றார்கள். அவள் அழுகிறாளா என்று ராமாமணியால் பார்க்க முடியவில்லை. பிடித்திருந்த கை மட்டும் ஒரு தரம் இறுகி, பிறகு தளர்ந்தது.

"ஊட்டுக்குள்ளயே கெடந்தா அவன் கதவைத் தட்டற மாதிரியே இருக்குதுங்க. நீங்க கூட்டத்துல பேசினதைச் சொன்னாங்க. உங்க புள்ளையைக் கொண்டுபோய் ஊட்டுல சேத்தறதுல எனக்கும் ஒரு பங்கு இருக்கட்டும்னு தோணுச்சு."

"நான் உங்களுக்கு என்னங்க செய்வேன்?" என்றாள் ராமாமணி.

"வாங்க, போலாம்."

அன்று வீடு வந்ததும் சித்திகா சென்னியம்மாளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, சூடாகத் தோசை ஊற்றிப் போட்டாள். அவள் மூன்று தோசை சாப்பிட்டாள். அதன் பின் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவளே வந்தாள். வெள்ளிக்கிழமை மாவு இருக்கும்படி சித்திகா பார்த்துக்கொண்டாள்.

பொங்கலுக்குப் பாலுசாமி ஊர் வந்தான். போனில் ராமாமணி எல்லாவற்றையும் சொல்லியிருந்தாலும் நேரில் கேட்டபோது அவனுக்குத் தாங்கவில்லை. கேரட் தின்னச் சொன்ன தன் வாயை நினைத்து வெட்கப்பட்டான். இனி போகவில்லை, இங்கேயே ஏதாவது வேலை பார்க்கிறேன் என்றான். பொங்கல் முடிந்ததும் ஜெனரல் ஷிப்டு, பொழுதோடு வீட்டுக்கு வந்துவிடுவேன், நீங்கள் பயப்பட வேண்டாம் என்று ராமாமணி அவனை அமர்த்தினாள்.

மாட்டுப்பொங்கல் அன்று பருப்புப் பூரணம் வைத்து ஒப்புட்டுச் சுட்டுத் தூக்குகளில் அடுக்கிக்கொண்டு மூவரும் வீடு வீடாகப் போனார்கள். பாப்பாயி ஒரு வாய் பிட்டுத் தின்றுவிட்டு, பூரணத்தில் ஏலக்காய் போதாது என்றாள். சென்னியம்மாள் வாங்கிக்கொண்டு சித்திகாவின் தலையைத் தடவினாள். கடைசியாக நஞ்சப்பன் வீடு. பாலுசாமி ஏதோ பேசத் தயார் செய்துகொண்டு போயிருந்தான். அங்கே நின்றதும் எல்லாம் மறந்துபோயிற்று.

"நான் இல்லாத எடத்துல நீங்கெல்லாம் நின்னிருக்கீங்க. என்ன சொல்றதுன்னே தெரியலீங்க" என்றான்.

"ஒண்ணும் சொல்ல வேண்டாம் தம்பி. லீவு எத்தனை நாளு?" என்று நஞ்சப்பன் கேட்டார்.

"பத்து நாள் இருக்குதுங்க."

"அப்ப இன்னைக்கு ஒம்பது மணிக்கு வந்துருங்க. ஆள் பத்தறதில்ல. ஒட்டுக்கா நடக்கலாம்."

பாலுசாமி அன்று இரவு சாப்பிடாமலே கிளம்பினான். வந்து சாப்பிட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிப் போனவன் திரும்பும்போது பதினொன்றைத் தாண்டிவிட்டது. கதவைத் திறந்த ராமாமணியிடம், செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னான்.

"மூணு புள்ளைங்கள ஊட்டுல கொண்டுபோய் உட்டோம். ஒருத்தி ஈரோட்டுல பொங்கல் விழாவுல டான்ஸ் ஆடிட்டுக் கடைசி பஸ்ல வந்தா. ரெண்டு பசங்க படித்துறையில உக்காந்துட்டு, ஊட்டுல சண்டைன்னு சொன்னாங்க. நஞ்சப்பண்ணன் அவங்களைத் திட்டவே இல்ல. என்ன சண்டைன்னு நின்னு கேட்டாரு. அரை மணி நேரம் கேட்டிருப்பாரு. அப்புறம் ரெண்டு பேரையும் ஊட்டுல உட்டுட்டு, அவங்கப்பன்கிட்டயும் பேசிட்டு வந்தோம்."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"நான் சும்மாத்தான் நின்னேன்" என்றான் பாலுசாமி. பிறகு கொஞ்சம் யோசித்து, "நாளைக்கும் வாரேன்னு சொல்லிப்போட்டு வந்தேன்" என்றான்.

ராமாமணி அவனுக்குச் சோற்றைப் போட்டு, ரசத்தைச் சுட வைக்க அடுப்பைப் பற்ற வைத்தாள்.